கிருதுமாலில் மீன் உண்டா?

அக்டோபர் 7 (ஒரு வாசகர் கேட்டது)

"மனு தண்ணீரைக் கையில் அள்ளியபோது மீன் வந்த நதி மதுரையில் ஓடும் கிருதுமால்தான் என்று ஒரு கோயிலில் சொன்னார்கள். எல்லீஸ் நகர்ப் பாலத்தில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு கிளம்பிவிட்டேன். இது எந்தக் காலத்திலாவது நதியாக இருந்ததா? இதில் மீனைக் கண்ணால் பார்த்தவர் யாராவது இருக்கிறீர்களா? இல்லை, இதுவும் ஊர்ப்பெருமைக் கதைதானா?"

அக்டோபர் 7, இரவு 10.50

நான் பார்த்திருக்கிறேன். பிறந்து வளர்ந்தது கீரைத்துறை. ஐப்பசி மழை நாலு நாள் சேர்ந்தாற்போல அடித்தால் வாய்க்கால் நிறம் மாறும். கறுப்பு போய்ச் செம்மண் நிறம் வரும். அந்த இரண்டு மூன்று நாளைக்குத்தான் எங்களுக்கு அது ஆறு. ஆளுக்கொரு முனையாகத் துண்டைப் பிடித்து அரித்து, கிடைத்ததை ஹார்லிக்ஸ் பாட்டிலில் விடுவோம். மறுநாள் காலையில் எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். அப்பத்தா பாட்டிலோடு தூக்கி முருங்கை மரத்தடியில் ஊற்றிவிடும்.

அப்பத்தா அதை நதி என்று ஒருநாளும் சொன்னதில்லை. "வாய்க்காப் பக்கம் போகாத." அவ்வளவுதான். கிருதுமால் என்ற பெயரையே நான் பத்தாம் வகுப்புக்கு அப்புறம்தான் கேள்விப்பட்டேன், அதுவும் கோயிலில்.

சரி, கதை. திருமாலின் மச்சாவதாரம், பாகவதத்தில் எட்டாம் ஸ்கந்தம் (பகுதி). திராவிட நாட்டரசன் சத்தியவிரதன் கிருதமாலா நதியில் நின்று நீர்க்கடன் செய்கிறான். அள்ளிய தண்ணீரில் ஒரு சின்ன மீன். அதைக் கலசத்தில் போடுகிறான், கலசம் பத்தவில்லை, பானை பத்தவில்லை, குளம் பத்தவில்லை, கடைசியில் கடல். பிரளயம், படகு, அதை மீனின் கொம்பில் கட்ட வாசுகி என்ற பாம்பே கயிறு. அந்த அரசன்தான் பின்னால் மனு.

அக்டோபர் 7, இரவு 11.20

ஒரு முக்கியமான இடத்தை விட்டுவிட்டேன். அவன் முதலில் மீனைக் கலசத்தில் போடவில்லை, ஆற்றிலேயே திருப்பி விட்டுவிட்டான். அப்போது மீன்தான் கெஞ்சுகிறது: தன் இனத்தையே தின்கிற ஜந்துக்கள் உள்ள தண்ணீரில் என்னை ஏன் விடுகிறாய் என்று. அதற்கப்புறம்தான் கலசம்.

இது கதை கட்டுகிறவனுக்குத் தெரிகிற விஷயம் இல்லை, குளத்தில் மீன் பிடித்தவனுக்குத் தெரிகிற விஷயம். விரால் பொடிமீனைத் துரத்துவதைப் பார்த்தவன் யாரோதான் அந்த வரியை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

அக்டோபர் 8

என்ன மீன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மூலத்தில் கையில் வந்த மீனுக்கு இனப்பெயரே இருக்கிறது: சபரீ. பளபளக்கிற சின்னக் கெண்டை என்பது பொருள். சபரிமலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அந்தப் பக்கம் யாரும் போகவேண்டாம். கையில் அள்ளினால் வருகிற அளவுக்குச் சின்னது, வெள்ளிச் செதில், கூட்டமாகத் திரிவது, நம் பக்கத்துப் பொடிக்கெண்டை. பாண்டியன் காசில் இருப்பதும் கயல், அதாவது கெண்டை. காலில் ஆடுசதைக்குக் கெண்டைக்கால் என்று பெயர் வைத்த ஊர் இது. அந்த மீனின் வயிறு எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எனவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றுகிறேன். கிருதுமாலில் மீன் உண்டா என்பது எளிது. கிருதுமாலில் கெண்டை உண்டா?

அக்டோபர் 10

தடம் தெரியாமல் பேசிக்கொண்டிருக்கிறோம். நான் நடந்தும் வண்டியிலும் பார்த்த வகையில்:

மதுரைக்கு மேற்கே நாகமலை. பாம்பு படுத்திருப்பது போல நீளமான பாறைத்தொடர். அதன் அடியில் புல்லூத்து போன்ற ஊற்றுகள். மலையில் பெய்கிற மழையும் ஊற்றுக் கசிவும் கண்மாய்களில் தேங்கி, துவரிமான் பக்கம் வாய்க்காலாகி, விராட்டிபத்து வழியாக நகருக்குள் நுழைகிறது. எல்லீஸ் நகர், திடீர் நகர், கீரைத்துறை, சிந்தாமணி, பனையூர். நகருக்குள் பல இடத்தில் பக்கச்சுவர் கான்கிரீட், சில இடத்தில் தளமும் கான்கிரீட். பனையூருக்கு அப்பால் மறுபடி மண்கரை. அப்புறம் சிவகங்கை மாவட்டத்தின் ஓரம், விருதுநகர் மாவட்டத்தில் நரிக்குடி, ராமநாதபுரம் மாவட்டத்தில் அபிராமம், கமுதிப் பக்கம் போய்க் குண்டாற்றில் சேர்கிறது.

இதில் என்னை விடாமல் பிடித்திருப்பது ஒன்று. துவரிமான் வைகைக் கரையை ஒட்டிய ஊர். அங்கே கிருதுமாலுக்கும் வைகைக்கும் இடையே நடந்தே போய்விடலாம். ஆனால் வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாயைத் தாண்டி பாக் நீரிணைக்குப் போகிறது. கிருதுமால் குண்டாறு வழியாக மூக்கையூர் அருகே மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. ஒரே மேகம், ஒரே ஊர், ஓட்டு வீட்டுக் கூரையின் இரண்டு பக்கம் மாதிரி இரண்டு கடல்.

அக்டோபர் 10, மாலை

"போகிறது போகிறது என்கிறீர்களே, கடைசியாக எந்த வருஷம் போனது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம்தான். போகவேண்டிய திசையைச் சொன்னேன். வழியில் இருக்கிற கண்மாய்கள் குடித்தது போக மிஞ்சினால்தான் கடல். கண்மாய் வெட்டியவனும் அதற்குத்தான் வெட்டினான்.

அக்டோபர் 13

எதிர்பார்த்த அடி விழுந்துவிட்டது. "கிருதமாலா என்பது வைகையின் பழைய பெயர். நீங்கள் சொல்லும் சாக்கடைக்கு அந்தப் பெயர் பிறகு ஒட்டியது."

இப்படிச் சொல்லும் அறிஞர்கள் உண்டு, நான் மறுக்கவில்லை. பாகவதத்திலேயே ஓரிடத்தில் தமிழ்நாட்டு நதிகளை அடுக்கும்போது தாமிரபரணி, கிருதமாலா, பயஸ்வினி, காவேரி என்று வருகிறது. வைகையைக் காணோம். அவ்வளவு பெரிய ஆற்றை விட்டுவிட்டு வாய்க்காலைப் பாடுவார்களா என்பது அவர்கள் கேள்வி. ஆனால் ஐந்தாம் ஸ்கந்தத்தில் வேறொரு பட்டியல் இருக்கிறது. அதில் கிருதமாலாவுக்கு அடுத்த பெயரே வைஹாயசீ. அது வைகைதான் என்று சொல்கிறவர்களும் உண்டு. அப்படியானால் இரண்டும் வேறு வேறு. நாம் கேட்கிற மாதிரி எழுதியவர்கள் எழுதிவைக்கவில்லை.

மாலை போல நகரைச் சுற்றியதால் கிருதமாலா என்று கூடலழகர் கோயில் பக்கம் சொல்வார்கள். வடக்கே வைகை, தெற்கே இது, நடுவில் ஊர். வரைபடத்தில் பார்த்தால் மாலை என்று சொல்லத்தான் தோன்றுகிறது. புராணத்துக்கு இது சாட்சி ஆகாது, ஆனால் பெயர் வைத்தவனுக்குக் கண் இருந்திருக்கிறது.

இன்னொன்று. 16ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வங்காளத்து வைணவ மகான் சைதன்யர் மதுரைக்கு வந்தார். கிருதமாலாவில் குளித்துவிட்டு ஒரு ராமபக்தர் வீட்டுக்குச் சாப்பிடப் போனார் என்று வங்காளியில் எழுதிய அவர் வரலாறு சொல்கிறது. வீட்டில் அடுப்பே பற்ற வைக்கவில்லையாம். கேட்டால், "நாங்கள் இருப்பது காட்டில். லட்சுமணன் கீரை, கிழங்கு கொண்டு வந்தால்தான் சீதை சமைப்பாள்" என்றாராம் அந்த மனுஷர். குளித்துவிட்டுப் பசியோடு வந்தவரிடம்! அவர் குளித்தது வைகையிலா நம் வாய்க்காலிலா என்பது வேறு சண்டை. கீரைத்துறை என்ற பெயருக்கும் இந்தக் கீரைக்கும் முடிச்சுப் போட என் தம்பி தயார். நான் தயாராக இல்லை. துறை என்று பெயரில் இருப்பது ஒன்றே எனக்குப் போதும். இறங்கிக் குளித்த தண்ணீருக்குத்தான் துறை என்று பெயர். சாக்கடைக்கு யாரும் அப்படிப் பெயர் வைப்பதில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

காலை ஆறு மணிக்கே துவரிமான் போய்விட்டேன். முந்தின இரவு நல்ல மழை. கண்மாய்க்குக் கீழே ஒரு வளைவில் தண்ணீர் முழங்கால் அளவு, அடி மண் தெரிந்தது. கரையில் நாணல், சம்பு, அதை நெருக்கிக்கொண்டு நெய்வேலிக் காட்டாமணக்கு. நீல மீன்கொத்தி ஒன்று மின்கம்பியில் உட்கார்ந்து என்னையே பார்த்தது. அதன் இடத்தில் நான் நின்றுவிட்டேன் போல.

கையைக் குவித்து அள்ளினேன், வேறு கருவி கொண்டு போகவில்லை. ஏழாவது முறையோ எட்டாவது முறையோ உள்ளங்கையில் ஒன்று துடித்தது. ஒன்றரை அங்குலம் இருக்கும். சாம்பல் நிறம், பின்பக்கம் ஒரு கரும்புள்ளி. பொடிக்கெண்டைக்கு வாலடியில் கரும்புள்ளி இருக்கும் என்று படித்திருந்தேன். அங்கேயே நின்று ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. படம் எடுத்துவிட்டு, திருப்பி விட்டுவிட்டேன். அது கெஞ்சவில்லை.

ஆக, கிருதுமாலில் கெண்டை உண்டு. இழையை மூடிவிடலாம்.

அக்டோபர் 19, இரவு

மூட வேண்டாம்.

படத்தைப் பார்த்த ஒருவர், மீன் வளர்ப்பவர், ஒரே வரியில் எழுதியிருக்கிறார்: "அண்ணே, அது கப்பி. சினை கப்பி."

புள்ளி வாலடியில் இல்லை. வயிற்றின் கடைசியில் இருக்கிறது. வயிற்றில் குஞ்சு இருந்தால் அந்த இடம் கறுப்பாகத் தெரியுமாம். கப்பி முட்டை போடாது, குட்டி போடும். வாயும் மேல்நோக்கித் திறந்திருக்கிறது, நீர்மட்டத்தில் கொசுப்புழு பொறுக்குவதற்கு வசதியாக. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாம் அவர் சொன்னபடியே.

தென் அமெரிக்காவின் வடகரையில் பிறந்த மீன். கொசு ஒழிக்க என்று ஊர் ஊராகக் கிணற்றிலும் சாக்கடையிலும் விட்டார்கள். மனுவாக நினைத்துக்கொண்டு நின்றவன் கையில் வந்தது நகராட்சி மீன்.

அக்டோபர் 20

அந்த மீன்காரத் தம்பி இன்னொன்றும் சொன்னார், அதை எழுதாமல் விட்டால் பாவம். கப்பி ஏன் சாக்கடையில் பிழைக்கிறது? தண்ணீரின் மேல்தோல் மட்டும் காற்றோடு உரசிக்கொண்டிருப்பதால் அங்கே கொஞ்சம் பிராணவாயு இருக்கும். கப்பி வாயை அங்கே வைத்து உறிஞ்சும். கெண்டைக்கு அந்த வித்தை சரிப்படாது. அதற்குத் தண்ணீர் முழுக்க மூச்சு வேண்டும். கழிவு அழுகும்போது நுண்ணுயிர்கள் முதலில் தின்று தீர்ப்பது அந்த மூச்சைத்தான்.

அப்படிப் பார்த்தால் எல்லீஸ் நகர்ப் பாலத்தடியில் யார் யார் இருக்கலாம் என்று நாமே கணக்குப் போட்டுவிடலாம். காற்றை நேரடியாக விழுங்கத் தெரிந்த ஆப்பிரிக்கக் கெளுத்தி இருக்கலாம். ஜிலேபி மீன் ஓரளவு தாக்குப்பிடிக்கும். அயிரைக்கு வாய்ப்பே இல்லை. காற்று விழுங்க அதற்கும் தெரியும், ஆனால் அது புதைந்து கிடக்க மணல் வேண்டும். இங்கே அடியில் இருப்பது கரிச்சேறு, அதற்குக் கீழே கான்கிரீட். மதுரையில் அயிரைக் குழம்பு விற்காத அசைவக் கடை அபூர்வம். ஊருக்குள் ஓடும் தண்ணீரில் அயிரை இல்லை.

அக்டோபர் 23

நேற்று பாலத்தடியில் இறங்கிப் பார்த்தேன். கறுப்புச் சேற்றின் மேல் யாரோ மிளகாய்ப்பொடி தூவியது போல ஒரு படலம். குச்சியால் தொட்டால் நெளிகிறது. ரத்தப்புழு, ஒருவகைக் கடிக்காத கொசுவின் குஞ்சு. அதன் உடம்பில் நம் ரத்தத்தில் இருப்பது போன்ற சிவப்புப் பொருளே இருக்கிறது. மூச்சில்லாத சேற்றிலும் துளித்துளியாகப் பிராணவாயுவைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். செத்த வாய்க்கால் என்று சொல்கிறோம். ஒரு சாண் சேற்றில் இத்தனை உயிர் நெளிகிறது.

அதைத் தின்ன நெடுங்கால் உள்ளான் நாலு வந்திருந்தது. சிவப்புக் குச்சிக் கால், கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு. கால் நீளமாக இருப்பதால் வயிற்றில் சாக்கடை படாமல் நடக்கிறது. கரை முழுக்க பிளாஸ்டிக், நடுவில் அது கல்யாண வீட்டுக்கு வந்தது போல நடக்கிறது. மடையான் இரண்டு. ஆகாயத்தாமரை பூத்திருந்தது, பார்க்க அழகுதான். அதுவும் தென் அமெரிக்கா. கரையில் சீமைக்கருவேலம், அதுவும் அந்தக் கண்டத்தின் பக்கம். தண்ணீரைத் தவிர எல்லாமே வெளியூர்.

தண்ணீர் மட்டும் உள்ளூர், நம் வீட்டுக் குளியலறையிலிருந்து வருவது.

அக்டோபர் 24

ஒருவர் நதியைத் தாயாக்கிக் கவிதை போட்டிருக்கிறார். தாயை யாரும் இப்படி வைத்துக்கொள்வதில்லை. அதை நீக்கச் சொல்லவில்லை, அடுத்த பக்கம் போகலாம்.

மனு கொடுங்கள் என்றவருக்கு: பத்து வருஷத்துக்கு முன் கொடுத்தேன். (மனு என்ற சொல்லே இங்கே சிரிப்பு மூட்டுகிறது.) தெருவோடு சேர்ந்து ஏழு பேர் கையெழுத்து. ஓர் அலுவலகம் இது ஆறு, எங்களிடம் இல்லை என்றது. அடுத்த அலுவலகம் இது மழைநீர் வடிகால், அவர்களிடம் போங்கள் என்றது. மூன்றாவது இடத்தில் நல்ல மனிதர் ஒருவர் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "சார், முதல்ல நீங்க இத என்னன்னு சொல்லிக் குடுக்குறீங்க? ஆறா, வாய்க்காலா, சாக்கடையா?" ஏழு பேரும் வெவ்வேறு மாதிரி எழுதியிருந்தோம்.

நவம்பர் 2

அபிராமத்துக்காரர் ஒருவர் கோபமாக வந்திருக்கிறார். அவர் எழுதியது முழுக்கச் சரி என்பதால் அப்படியே தருகிறேன்: "மூணு வாரமா நாத்தம் நாத்தம்னு பேசுறீங்க. எங்களுக்கு அது ஆறு. அதுல தண்ணி வந்தாத்தான் நெல்லு. மதுரையோட கிருதுமால் முடிஞ்சு போச்சுன்னு யார் சொன்னது?"

எனக்குச் சுருக்கென்று இருந்தது. மூன்று வாரமாக நான் எழுதியது தலைப்பகுதியை மட்டும். பனையூருக்குக் கீழே இருப்பது வேறு வாழ்க்கை. மதுரைக்குக் கிழக்கே வைகையில் விரகனூர் மதகணை இருக்கிறது. அங்கிருந்து கிருதுமாலுக்குத் தண்ணீர் திருப்புகிறார்கள். சில வருஷங்களில் வைகை அணையில் இதற்கென்றே 450 மில்லியன் கன அடி ஒதுக்கி விட்டதுண்டு. அணை 1959இல் வந்தது. அதற்கப்புறம் கீழ்ப்பக்கத்து விவசாயிக்குக் கிருதுமால் நாகமலையில் பிறக்கவில்லை, அரசாணையில் பிறக்கிறது.

விநாடிக்கு 650 கன அடி வீதம் விட்டால் 450 மில்லியன் எண்பது நாளைக்கு வரும். மோசமில்லை.

நவம்பர் 2, அரைமணி கழித்து

எண்பது இல்லை, எட்டு. ஒரு நாளைக்கு 86,400 விநாடி, பெருக்கினால் 56 மில்லியன். எட்டே நாள். சைபர் ஒன்று கூடிவிட்டது. அபிராமத்துக்காரர் அதற்குள் பார்த்துவிட்டார்: "எண்பது நாள் விட்டா நாங்க கரும்பு போடுவோம்ணே."

நவம்பர் 5

எட்டு நாள் தண்ணீரை வைத்து என்ன செய்வார்கள் என்று கேட்டவருக்கு. பயிருக்கு நேரடியாகப் பாய்ச்சுவதில்லை. வரத்துக்கால் வழியாகக் கண்மாயை நிரப்புவார்கள். ஒன்று நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலுங்கில் வழிந்து மறுகால் போனால் அடுத்தது. கடைசிக் கண்மாய்க்காரர் முதல் கண்மாய்க்காரரை வருஷம் முழுக்கத் திட்டிக்கொண்டிருப்பார். வரத்துக்காலில் கருவேலம் மண்டியிருந்தால் எட்டு நாளில் மூன்று நாள் முள்ளுக்கே போய்விடும். அந்தப் பக்கம் நெல் போக முண்டு மிளகாய் உண்டு, 2023இல் புவிசார் குறியீடு வாங்கியதே, ராமநாதபுரம் முண்டு, அதுதான்.

காவிரி, வைகை, குண்டாறு இணைப்புக்கு 2021இல் அடிக்கல் நாட்டினார்கள், 262 கிலோமீட்டர் கால்வாய். வரட்டும், நல்லதுதான். ஆனால் வைகையையும் குண்டாற்றையும் இணைக்கிற ஒரு தடம் ஏற்கெனவே மதுரை வழியாக ஓடுகிறது. அதன் மேல்தான் நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு பாலம் கடக்கிறோம்.

டிசம்பர் 14

போய்விட்டு வந்தேன். நரிக்குடி தாண்டி ஒரு சின்ன ஊர், பெயர் போடவில்லை. தண்ணீர் விட்டு ஐந்தாம் நாள்.

அகலம் அதிகமில்லை. இக்கரையில் நின்று அக்கரைக்காரரிடம் சத்தம் போடாமல் பேசலாம். தண்ணீர் காப்பி நிறம், வேகம் உண்டு, நுரை கொஞ்சம் இருந்தது, வாடை இல்லை. வாடை இல்லை என்பதை நான் மறுபடி மறுபடி மூக்கால் சோதித்ததைப் பார்த்து மடையருகே உட்கார்ந்திருந்த பெரியவர் சிரித்தார்.

"மதுரையாக்கும்?"

"ஆமாய்யா."

"நீங்க குளிச்சு, தொவைச்சு, கழுவி, மிச்சத்தத்தான விடுறீக. இந்தத் தண்ணி பரவால்ல. அணைத் தண்ணி கலந்து வருதுல்ல."

எங்கள் வீடு வாய்க்கால் பக்கம்தான் என்று சொன்னேன். "அப்ப ஒங்க வீட்டுத் தண்ணியும் இதுல இருக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கணக்குச் சொன்னார்.

மடைக்குக் கீழே பையன்கள் மூன்று பேர் கொசுவலையைக் குறுக்கே பிடித்திருந்தார்கள். துண்டு காலம் போய்விட்டது. வாளியில் எட்டிப் பார்த்தேன். ஜிலேபி நாலைந்து, கெளுத்தி ஒன்று மீசையோடு, அடியில் வெள்ளிக் காசுகள் போலச் சிலது. ஒன்றைக் கையில் வாங்கினேன், கொஞ்சம் தண்ணீரோடு. இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பார்த்தேன். செதில் வரிசை தெளிவாக, வாய் கீழே இறங்கி, புள்ளி சரியாக வாலடியில். வயிற்றில் இல்லை. இரண்டு முறை திருப்பிப் பார்த்தேன்.

"இது என்ன மீன் தம்பி?"

"கெண்ட. வேற என்ன?"

படம் எடுக்கவில்லை, இரண்டு கையும் குவிந்திருந்தது. நம்புகிறவர்கள் நம்பலாம். திருப்பி ஆற்றில் விடலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பையன் என் கையைச் சாய்த்து வாளியில் கொட்டிக்கொண்டான். குழம்புக்கு இன்னும் பத்தாதாம்.